ஊக்கால் வைத்த சூடு

மலர்க்கொடி கழுவி வைத்த சில்வர் தட்டில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். இதைச் சொன்னது அவள் மாமியார். மருமகளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் அந்தம்மாவுக்குப் பல்வலியே வந்துவிடும். அப்பேர்ப்பட்டவளே சொன்னாள் என்றால் வேறு சாட்சி தேவையில்லை.

பிறந்தது மணலிக்குப் பக்கத்தில் சடையங்குப்பம். நாலு நாள் மழை பெய்தால் ஊரே முழங்கால் தண்ணீரில் நிற்கும். வடிந்த பிறகு பார்த்தால் வீட்டில் இருக்கிற பாத்திரம் அத்தனையிலும் கறுப்புச் சேறு. சாம்பலும் தேங்காய் நாருமாக அதைத் தேய்த்துத் தேய்த்தே வளர்ந்தவள். எட்டாவதோடு படிப்பு நின்றது. கல்யாணமாகிப் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டின் மூன்றாவது மாடிக்கு வந்தாள். புருஷன் கோதண்டம் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். பேச்சு குறைவு, சாப்பாடு அதிகம். ஒரே பெண் மதி, பள்ளிக்கூடம் போகிறாள். சுவரில் அம்பேத்கர் படம், பக்கத்தில் புத்தர் படம், இரண்டுக்கும் கீழே கவிழ்த்து அடுக்கிய பாத்திரங்கள். மூன்றையும் தினம் துடைப்பாள்.

ஓட்டலில் எச்சில் தட்டு கழுவினாள். ஆஸ்பத்திரியில் பாட்டில் கழுவினாள். 2001 பிப்ரவரியில் கீழ்வீட்டு ஹுமாயூன் மாடியேறி வந்தான்.

"யக்கா, எங்க கம்பெனில கண்ணாடி சாமான் கழுவ ஆள் ஓணுமாம். வர்றியா?"

"இன்னா கம்பெனி?"

"ஈஸ்ட்டு. பன்னு உப்பறதுக்குப் போடுவாங்கள்ல, அத்த வெச்சு ஆராய்ச்சி பண்றாங்கோ."

"பன்ன துன்னுட்டு கம்முனு போவாம, அதுக்கு ஆராய்ச்சி வேறயா?"

கேட்டாளே தவிர, மறுநாள் காலை பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்துத் திருவொற்றியூரில் போய் இறங்கிவிட்டாள்.

அது கம்பெனி இல்லை. பழைய குடோன் ஒன்றுக்கு வெள்ளையடித்து, உள்ளே தடுப்பு வைத்து, ஒரு அறக்கட்டளை நடத்திய சின்ன ஆராய்ச்சி நிலையம். தலைவர் டாக்டர் அருள்நாதன். அவருக்குக் கீழே ஆராய்ச்சி மாணவர்கள் ஆறேழு பேர். வாசலைத் தாண்டினால் பேக்கரி வாசனை வரும் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அது ஈஸ்ட் கம்பெனிதான்.

வேலை என்னவென்று முதல் நாளே அருள்நாதன் காட்டிக் கொடுத்தார். கண்ணாடிக் குடுவைகள் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய வேலை டிப். டிப் என்பது சுண்டுவிரல் நீளத்தில் நுனி கூர்ந்த பிளாஸ்டிக் குழல். மருந்தை உறிஞ்சுகிற கருவியின் வாயில் அதைச் செருகி ஒரு சொட்டு எடுப்பார்கள், விடுவார்கள், கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த சொட்டுக்கு அடுத்த டிப். வெளிநாட்டில் ஒருமுறை தொட்டதோடு குப்பைக்குப் போகுமாம். எண்ணெய் வாங்கின கவரைக்கூடக் கழுவிக் கொடியில் காயப்போடுகிற நமக்கு அதெல்லாம் கட்டுப்படியாகுமா? எல்லோருடைய டிப்பும் மூலையில் இருக்கிற நீல வாளியில் விழும். மலர்க்கொடி சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஏழு தண்ணீர் அலசி, துணியில் கொட்டி உலர்த்தி, பேர் எழுதின பெட்டிகளில் ஒவ்வொன்றாக நிறுத்தி அடுக்குவாள். ஹுமாயூன் அந்தப் பெட்டிகளைப் பெரிய குக்கரில் வைத்து ஆவி காட்டுவான். பிறகு அவரவர் பெட்டி அவரவர் மேசைக்குப் போய்விடும்.

ஒன்பது மாதம் இப்படிப் போனது. நவம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் எல்லோரும் இருக்கும்போதே அருள்நாதன் அவளைக் கூப்பிட்டார்.

"மலர்க்கொடி, இந்த மாசக் கடைசியோட நீங்க நின்னுக்கணும். பயிற்சி எடுத்த ஆள் ஒருத்தரப் போடப் போறோம்."

"நான் இன்னா சார் பண்ணேன்?"

"பெனிஷா செய்யற சோதனை ஜனவரியில ஒரு தடவை நல்லா வந்தது. பிப்ரவரியில நீங்க வந்தீங்க. அதுக்கப்புறம் ஒரு தடவைகூட வரல. என்னென்னவோ மாத்திப் பாத்துட்டோம்."

"நான் வந்தா ஈஸ்ட்டு செத்துப்பூடுமா?"

யாரோ சிரித்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அஜின் என்கிற மாணவன் சிரிக்கவில்லை. "சோதனையக் கெடுக்கறது வேர்வையிலயே இருக்கு சார். வெறுங்கையால டிப் அடுக்கறாங்க. கை சுத்தமில்லன்னா எப்படி வரும்?" என்றான்.

கை சுத்தமில்லை. அந்த வார்த்தையை அவள் ஆட்கள் எத்தனை தலைமுறையாகக் கேட்டு வருகிறார்கள் என்று சொன்னவனுக்குத் தெரியாது. அவன் சொன்னது வேர்வையைத்தான். ஆனால் வந்து விழுந்த இடம் வேறு.

வேலை போனால் இன்னொரு வேலை. அதுவல்ல அவளுக்கு. கை சுத்தமில்லாதவள் என்கிற பேரோடு அந்த வாசலைத் தாண்டக்கூடாது. மாதம் முடிய இன்னும் இருபத்தைந்து நாள் இருந்தது.

மத்தியானம் பெனிஷாவைப் போய்ப் பிடித்தாள். பெனிஷாவின் அப்பா வேதமாணிக்கத்துக்கு ராயபுரத்தில் பலசரக்கு மொத்தக் கடை. ஊர் நாகர்கோவில் பக்கம். ஆராய்ச்சி மாணவி, ஒல்லியான பெண். ஒன்பது மாதமாகத் தோற்றுத் தோற்றுக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

"பாப்பா, நீ இன்னாதான் பண்ற? என்னிய வூட்டுக்கு அனுப்பறதுன்னா எதுக்குன்னு தெரிஞ்சிகினு போறேன். பன்னுல ஆரம்பிச்சு சொல்லு."

பெனிஷா டிபன் பாக்ஸை மூடினாள். "ஈஸ்ட்டுன்னா ஒரு சின்ன உயிருக்கா. ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு நாலாவும். அதுக்குள்ள நூல் நூலா டி.என்.ஏ இருக்கும். ஒவ்வொரு தடவ ரெண்டாகும்போதும் அந்த நூலோட முனை கொஞ்சம் தேயும்."

"ஓரம் அடிக்காத பொடவ மாதிரி. தொவைக்க தொவைக்க நூலு பிரியும்."

"அதேதான். அந்த ஓரத்துக்குப் பேரு டெலோமியர். தேய்ஞ்ச ஓரத்தத் திரும்பத் தச்சுக் குடுக்க ஒண்ணு இருக்கு, டெலோமரேஸ். அது ஒழுங்கா வேலை செஞ்சா ஈஸ்ட்டு சாகாமப் பெருகிட்டே போகும். இல்லன்னா அம்பது, நூறு தடவ ரெண்டானதும் ஓரம் போயி, நூலும் போயி, பெருகறது நின்னு போகும்."

"டைலரு."

"டைலருதான். ஆனா ஒத்த ஆள் இல்ல, நாலு பேரு சேந்தது. ஒரு புரதம்தான் மிஷின் மிதிக்கறவன். இன்னும் ரெண்டு புரதம் கூடமாட நிக்கும். நாலாவது புரதமே இல்ல, ஆர்.என்.ஏன்னு ஒரு துண்டு. அதப் பாத்துத்தான் எத்தன தையல், என்ன தையல்னு அவன் தைப்பான்."

"அட, அளவு ஜாக்கெட்டு!"

பெனிஷா மேசையைத் தட்டினாள். "ஆமாக்கா. அளவு ஜாக்கெட்டு. இதவிட நல்லா எனக்குச் சொல்லத் தெரியல. நான் கண்டுபிடிக்க வேண்டியது, அந்தக் கூடமாட நிக்கிற ரெண்டு புரதமும் இல்லாம டைலரு தைப்பானா, மாட்டானான்னு. ஈஸ்ட்ட உடச்சு, உள்ள இருக்கத எடுத்து, டியூப்ல போட்டு, ஒரு ஓரத்தக் குடுத்துத் தைக்கச் சொல்லுதேன். தச்சா எக்ஸ்ரே பிலிம்ல ஏணிப்படி மாதிரிக் கோடு விழும். முதல்ல எல்லாரும் இருக்கப்பத் தைக்கணும்லா? அதுவே வரமாட்டேங்கு."

"டைலரு கீறானான்னு பாத்தியா?"

"மூணு புரதமும் இருக்குக்கா, தனியாப் பாத்துட்டேன்."

"அளவு ஜாக்கெட்டு?"

பெனிஷாவின் குரல் இறங்கியது. "அதுதான் தூள் தூளாக் கிடக்கு. ஆர்.என்.ஏவ வெட்டுற என்சைம் ஒண்ணு உண்டு, கத்திரி மாதிரி. அது நம்ம தோலுல, வேர்வையில, எச்சில்ல எல்லாத்துலயும் இருக்கு. அதான் சாரு உங்கள..." என்று நிறுத்திக்கொண்டாள்.

"சரி. நாளைலேர்ந்து எனக்கு கிளவுசு குடு."

அடுத்த பத்து நாள் மலர்க்கொடி வேலை செய்த விதத்தைப் பார்த்து ஹுமாயூன், "யக்கா, ஆபரேசன் பண்ணப் போறியா?" என்று கேட்டான். இரண்டு கைக்கும் உறை, வாய்க்குத் துணி, தலைக்குத் துண்டு. ஏழு தண்ணீர் பத்துத் தண்ணீரானது. கண்ணாடிச் சாமான்களை அடுப்புப் பெட்டியில் ஒரு பகல் முழுக்கச் சுட்டு எடுத்தாள். டிப் பிளாஸ்டிக் ஆச்சே, அவ்வளவு சூட்டில் உருகிவிடும். அதற்கு ஹுமாயூனின் குக்கர்தான். பெனிஷா மூன்று முறை சோதனை செய்தாள். மூன்று பிலிமும் துடைத்துவிட்ட சிலேட்டு மாதிரி வந்தன.

"அப்ப வேர்வ இல்ல. வேற எங்கியோ கத்திரி கீது" என்றாள் மலர்க்கொடி. தன் கை இல்லையென்பது அவளுக்கு முதலிலேயே தெரியும். இப்போது ஒரு நியாயமும் கிடைத்தது.

மறுநாள் அஜினின் மேசையைத் துடைக்கப் போனபோது அவன் ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு குட்டி டியூபை எடுத்து வரிசையாக ஒவ்வொரு குப்பியிலும் ஒரு சொட்டு விட்டுக்கொண்டிருந்தான். ஒரு சொட்டுக்கு ஒரு டிப். விட்டுவிட்டு டக், டக்கென்று நீல வாளிப் பக்கம் வீசினான். பாதி உள்ளே, பாதி வெளியே.

"இன்னா நைனா மருந்து அது?"

"உங்களுக்குப் புரியாது."

"புரியாட்டி போவுது, சொல்லேன்."

"எனக்கு டி.என்.ஏ மட்டும் போதும். கூட வர்ற ஆர்.என்.ஏ எல்லாம் கலீஜ். அத வெட்டித் தள்ளறதுக்கு."

மலர்க்கொடியின் துடைக்கிற கை நின்றது. "கத்திரியா? காசு குடுத்து வாங்கி ஊத்தறியா?"

"இது சாதாரணக் கத்திரி இல்ல." அஜினுக்குத் தன் சாமானைப் பற்றிச் சொல்வதென்றால் பெருமை. "கொதிக்க வச்சாலும் சாகாது. ஆறினதும் எழுந்து உக்காந்து வேலை செய்யும். நம்ம ஹுமாயூன் குக்கர்ல வச்சாகூட அதுக்குக் குளிச்ச மாதிரிதான்."

கீழே விழுந்த டிப்புகளைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டே மலர்க்கொடி நீல வாளியைப் பார்த்தாள். அஜினுடைய டிப்பும் அதில்தான். பெனிஷாவுடைய டிப்பும் அதில்தான். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழுவி, ஒன்றாகக் கொட்டி, கைக்கு வந்ததை எந்தப் பெட்டி காலியோ அந்தப் பெட்டியில் அடுக்குகிறவள் அவள். பெட்டிமேல் 'பெனிஷா' என்று எழுதியிருக்கிறது. உள்ளே நிற்பது யார் தொட்டதென்று எந்த டிப்பில் எழுதியிருக்கிறது?

பெனிஷாவிடம் சொன்னபோது அவள் முகம் மாறியது. ஆனாலும், "இத்தன தண்ணில அலசுறீங்களே அக்கா? ஒட்டியிருக்குமா? அஜின் ஒத்துக்க மாட்டான். எல்லாமே கழுவித்தான் வருதுன்னு சொல்லுவான். சாரு ஆதாரம் கேப்பாரு" என்றாள்.

ஆதாரம். டிப்பெல்லாம் ஒரே மாதிரி, ஒரே அச்சு. எது அஜின் தொட்டது, எது தொடாதது என்று யார் சொல்வது?

பதில் மறுநாள் காலை தண்ணீர் லாரியில் வந்தது. அந்த வருஷம் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். லாரி வந்து நின்றதும் ஹவுசிங் போர்டே குடத்தோடு இறங்கி ஓடும். எல்லாம் பிளாஸ்டிக் குடம், பச்சை, சிவப்பு, நீலம், ஒன்று மாதிரியே ஒன்று. பக்கத்து பிளாக் மலிகா ஒரு நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"ஏய் மலிகா, வெய்யி. அது என் கொடம்."

"உன்துன்னு பேரு எழுதிக் கீதா?"

"எழுதித்தான் கீது. வாய்க்கிட்ட தடவிப் பாரு."

மலிகா விளிம்பைத் தடவினாள். ஊக்கைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தின ஓட்டை ஒன்று விரலில் தட்டுப்பட்டது. "அடிப்பாவி, கொடத்துக்கே காது குத்திக் கீறியா!" என்று சிரித்துக்கொண்டே இறக்கி வைத்தாள்.

மலர்க்கொடி சிரிக்கவில்லை. குடத்தைத் தூக்கவும் இல்லை. பின்னாலிருந்தவள், "யம்மா, எடுத்துகினு நவுரு, பேஜாரு பண்ணாத" என்று இடித்த பிறகுதான் நகர்ந்தாள். மேலே வந்ததும் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எங்கடி, மாராப்பு குத்தாம போற?" என்றான் கோதண்டம்.

"வேல கீது அதுக்கு."

அன்று எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் ஸ்பிரிட் விளக்கில் ஊக்கின் நுனியைக் காய்ச்சி, நாற்பது டிப்புகளின் வாய் விளிம்பில் ஒவ்வொரு சூடு வைத்தாள். கடுகளவு புள்ளி. தேடினால்தான் தெரியும், தேடாதவனுக்கு ஒன்றுமில்லை. நாற்பதையும் அஜினின் பெட்டியில் முன் வரிசையில் அடுக்கினாள். ஹுமாயூன் வாசலில் காவல்.

"மாட்னா ரெண்டு பேருக்கும் வேல பூடும்க்கா."

"எனக்குத்தான் ஏற்கனவே பூட்ச்சே. நீ கண்டுக்காத மாதிரி நில்லு."

அஜின் அன்றைக்கும் மறுநாளும் அந்த டிப்புகளால் கத்திரி மருந்து எடுத்தான், வீசினான். நாற்பதும் நீல வாளிக்கு வந்து சேர்ந்தன. அவள் எப்போதும் போல ஊறவைத்தாள், பத்துத் தண்ணீர் அலசினாள், துணியில் கொட்டினாள். கண்ணை வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, கைக்கு வந்ததைக் கைக்கு வந்த பெட்டியில் அடுக்கினாள். ஹுமாயூன் குக்கரில் வைத்து எடுத்தான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பெட்டிகளை வெளிச்சத்தில் வைத்துப் புள்ளியைத் தேடினார்கள்.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கையில், ஐந்து பெட்டியைச் சுமந்துகொண்டு அருள்நாதன் அறைக்குள் நுழைந்தாள். கூடவே பெனிஷா. என்ன கூத்து என்று பார்க்க அஜினும் வந்து கதவில் சாய்ந்தான்.

"சார், நாப்பது டிப்புக்கு சூடு வெச்சேன். அத்தினியும் அஜின் தம்பி பொட்டில போட்டேன்."

"என் பெட்டியில கை வச்சீங்களா?" என்று அஜின் கத்தினான்.

"வெச்சேன். கிளவுசு போட்டுகினுதான் வெச்சேன், பயப்படாத." அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "தம்பி அதால கத்திரி மருந்த எடுத்துச்சு, வாளில போட்டுச்சு. நான் கழுவிட்டேன், குக்கர்ல வெச்சும் எட்த்தாச்சு. இப்ப எண்ணுங்கோ சார். பெனிஷா பாப்பா பொட்டில பதினொண்ணு கீது. அஜின் தம்பிகிட்ட திரும்பிப் போனது ஒம்பது. மீதி மத்தவங்க பொட்டில. ஓங்க பொட்டிலயும் நாலு கீது."

அருள்நாதன் ஒரு டிப்பை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். விளிம்பில் பழுப்பாக ஒரு புள்ளி. இன்னொன்று. இன்னொன்று.

"சார், அதெல்லாம் கழுவினதுதானே" என்றான் அஜின். "சோப்பு போட்டு, ஆவி காட்டி வருது. இனிமே அதுல என்ன இருக்கும்?"

மலர்க்கொடி இப்போதுதான் திரும்பினாள். "குக்கர்ல வெச்சா அதுக்குக் குளிச்ச மாதிரின்னு நீதான நைனா சொன்ன? சோக்கா சிரிச்சிகினு சொன்ன. ஒரு வாரத்துல மறந்துட்டியா?"

அஜின் கதவை விட்டு நிமிர்ந்து, தன் பெட்டியை இழுத்துப் புள்ளிகளை எண்ணத் தொடங்கினான்.

பெனிஷா மெதுவாகச் சொன்னாள்: "ஜனவரியில எல்லாமே புது டிப்பு சார். கழுவினது ஒண்ணுகூட இல்ல. பிப்ரவரியிலதான் கழுவ ஆரம்பிச்சோம். பெட்டியில என் பேரு இருக்கேன்னு நானும் நம்பிட்டேன்."

"அதான் நான் வந்தப்பறம் நின்னு போச்சு" என்றாள் மலர்க்கொடி. "நீங்க சொன்னதுல பாதி நெசம் சார். கழுவறதாலதான் கெட்டுச்சு. ஆனா கழுவுனவ கை கலீஜுன்னு இல்ல. எல்லாத்தையும் ஒரே வாளில போடுன்னு மொத நாளு எனக்கு சொல்லிக் குடுத்தது ஆரு?"

சொல்லிக் கொடுத்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தார். உள்ளே, பிரிக்காத டிப் பாக்கெட் ஒன்று, கல்யாணப் பட்டுப்புடவையைப் போலத் துணி சுற்றி வைத்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும்போது அவரே கொண்டுவந்தது. அதை பெனிஷாவிடம் நீட்டினார்.

"புது பெட்டி, புது பாட்டில், எல்லாம் புதுசு. முதல்லேர்ந்து செய்யுங்க."

பாக்கெட்டை பெனிஷா பிரித்தாள். அடுக்கியது மலர்க்கொடி. வேறு யாரையும் அவள் தொட விடவில்லை.

ஐந்து நாள் ஆனது. ஈஸ்ட்டை வளர்த்தார்கள், ஐஸ் அறையில் உடைத்தார்கள், சாறு எடுத்தார்கள், கதிர்வீச்சு மருந்து சேர்த்துத் தைக்கச் சொன்னார்கள், பிலிமை வைத்து மூடினார்கள். அந்த ஐந்து நாளும் மலர்க்கொடி வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. "இன்னா, உம்முனு கீற?" என்று கோதண்டம் கேட்டதற்கு, "டைலரு தைப்பானா மாட்டானான்னு பாத்துகினு கீறேன்" என்றாள். எந்த டைலரிடம் இவள் துணி கொடுத்தாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. கேட்கவும் துணியவில்லை.

நவம்பர் முப்பது, வெள்ளிக்கிழமை காலை. அவளுடைய கடைசி நாள். இருட்டறைக்குள் பெனிஷா பிலிமைக் கழுவினாள். வாசலில் மலர்க்கொடி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அருள்நாதன் நடந்தார், திரும்பினார், நடந்தார். ஹுமாயூன் குக்கரை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தான்.

உள்ளேயிருந்து சத்தமே இல்லை. பிறகு கதவு படாரென்று திறந்தது. சொட்டச் சொட்டத் தண்ணீரோடு பிலிமைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்தாள் பெனிஷா.

"அக்கா, தச்சுட்டான்! அக்கா, டைலரு தச்சுட்டான்!"

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். கீழேயிருந்து மேலே, ஒன்றன்மேல் ஒன்றாக, கரிக்கோட்டால் போட்ட மாதிரி ஏணிப்படி. கறுகறுவென்று. ஜனவரியில் வந்தது இதில் பாதிகூட இல்லை என்றார் அருள்நாதன். பக்கத்து வரிசையில் ஒரு கோடும் இல்லை, வெறும் வெள்ளை.

"இது ஏன் வரல?" என்று மலர்க்கொடி விரலை நீட்டினாள். பிலிமைத் தொடவில்லை.

"அதுல நானே வேணும்னு அஜினோட கத்திரிய ஒரு சொட்டு விட்டேன். அளவு ஜாக்கெட்ட வெட்டிட்டா டைலரு சும்மா உக்காந்திருக்கான் பாருங்க. தைக்கறது டெலோமரேஸ்தான்னு அதுதான் சாட்சி."

அருள்நாதன் தொண்டையைக் கனைத்தார். "மலர்க்கொடி, நான் சொன்னது தப்பு. நீங்க இங்கயேதான் இருக்கணும். உங்க கையில ஒரு குறையும் இல்ல."

வேறு யாராவதாக இருந்தால் அதோடு கும்பிட்டு விட்டிருப்பார்கள். மலர்க்கொடி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "அன்னிக்கி எல்லாரு எதிர்லயும் சொன்னீங்க சார். இன்னிக்கி நாலு பேருதான் கீறோம்."

அருள்நாதன் சிரித்துவிட்டார். கூடத்துக்குப் போய், மேசை மேசையாகக் கூப்பிட்டு, மாணவர்கள், கணக்கர், தோட்டக்காரர் வரைக்கும் எல்லோரையும் நிற்க வைத்து, அதே வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னார். முதலில் கைதட்டியது ஹுமாயூன். பிறகு கூடமே தட்டியது. மலர்க்கொடி நிமிர்ந்து நின்று முழுதாகக் கேட்டுக்கொண்டாள். குனியவே இல்லை.

கேட்டு முடித்ததும் தன் சட்டத்தைச் சொன்னாள். நீல வாளி இனி மேசைக்கு ஒன்று. கத்திரி மருந்து தொட்டதற்குச் சிவப்பு வாளி. அதைக் கழுவுவது இல்லை, எரிப்பதுதான். பெனிஷாவின் டிப் பெனிஷாவின் பெட்டியைத் தவிர வேறெங்கும் போகாது, மற்றதெதுவும் அதற்குள் வராது. எந்த டிப் யாருடையது என்று டிப்பிலேயே அடையாளம் இருக்கும். எல்லாவற்றுக்கும் அருள்நாதன் தலையாட்டினார்.

அதற்கப்புறம் பெனிஷாவின் வேலை ஓட ஆரம்பித்தது. கூடமாட நிற்கிற இரண்டு புரதத்தையும் ஒன்றொன்றாக எடுத்துவிட்டுப் பார்த்தாள். டியூபில் டைலர் அவர்கள் இல்லாமலே தைத்தான். உயிரோடு இருக்கிற ஈஸ்ட்டிலோ அவர்கள் இல்லையென்றால் ஓரம் தேய்ந்து தேய்ந்து வளர்ச்சியே நின்றது. "வூட்டுக்கு வந்து தைக்கணும்னா டைலர இட்டுகினு வர ஆளு ஓணுமில்ல" என்றாள் மலர்க்கொடி. பெனிஷா சிரித்துக்கொண்டே அதைத் தன் நோட்டில் எழுதி வைத்தாள்.

ஆனால் மலர்க்கொடிக்கு எல்லாவற்றிலும் பிடித்த நாள் டிசம்பர் மூன்றாம் தேதிதான். திங்கட்கிழமை. அஜின் ஸ்டூலில் குந்தியிருந்தான். எதிரே ஸ்பிரிட் விளக்கு, கையில் ஊக்கு, முன்னால் அவன் பெட்டியின் டிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பில் சூடு வைத்துக்கொண்டிருந்தான். மலர்க்கொடி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனைக்கா வைக்கணும்?"

"உன்துன்னு கீறது எல்லாத்துக்கும்."

"விரல் சுடுது அக்கா."

"கிளவுசு போட்டுக்க நைனா" என்றாள் மலர்க்கொடி. "கை சுத்தமா இருக்கணும்ல."